மீந்துபோன பல்வரிசை

பல் மேஸ்திரியை யார் கேலி செய்தாலும் அவருக்குக் கோபம் வராது. அந்தக் கேலியை அவரே இரண்டு நாள் முன்னால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். "என்னை மாதிரி தாழ்மையான ஆள் இந்த ஊர்லயே கிடையாதுங்க. சந்தேகம் இருந்தா யாரை வேணும்னாலும் கேளுங்க. எல்லார்கிட்டயும் நானே சொல்லி வச்சிருக்கேன்" என்பார். இப்படித் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும் பக்குவம் அவருக்குப் பிறவியில் வரவில்லை. ஒரு பல்செட் கற்றுக்கொடுத்தது. அந்தப் பாடத்துக்காக இன்னொருத்தியின் ஈறு ரணப்பட்டதை நினைத்தால் மட்டும் அவருடைய சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறைதான் அவருடைய ராஜ்ஜியம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். முன்னறையில் டாக்டரம்மா நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். இவர் அந்த அளவில் வெள்ளைப் பிளாஸ்டரை ஊற்றித் தாடை அச்சு எடுப்பார். அச்சின் மேல் மெழுகால் ஈறு கட்டி, அதில் ஒவ்வொரு பல்லாக நடுவார். நோயாளி திரும்ப வந்து அந்த மெழுகுச் செட்டை வாயில் வைத்துக் கடித்துப் பார்த்து, பேசிப் பார்த்து, கண்ணாடியில் சிரித்துப் பார்த்து, "இது என் வாய்தான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே நிரந்தரமான பல்செட் உருவாகும். பிளாஸ்டர் தூசி எந்நேரமும் தலையில் படிந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் எதிர் டீக்கடைக்காரர் "மேஸ்திரி" என்று பெயர் வைத்தார். வீடு கட்டாத மேஸ்திரி. வாய் கட்டுகிற மேஸ்திரி. ஆனால் தன் வாயை மட்டும் கட்டத் தெரியாத மேஸ்திரி என்று அவர் மனைவி சொல்வாள்.

மனைவி நகல் எடுக்கும் கடை வைத்திருந்தாள். கடையில் காகிதத்தை நகல் எடுப்பதுபோல, வீட்டில் கணவர் பேசியதையெல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லும் திறமை அவளுக்கு இருந்தது. மேஸ்திரி சர்ச்சுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்திருந்தார். வாசலில் கால் துடைக்கும் மிதியடியும் அவர் கொடுத்ததுதான். யாராவது தயங்கி மிதியடியைத் தாண்டிப் போனால், "பரவாயில்லைங்க, தாராளமா மிதிங்க. அதுக்குத்தானே குடுத்தேன்" என்று பெருந்தன்மையோடு நினைவூட்டுவார். கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தினால் பிரசங்கத்தின் நடுவிலேயே ஸ்டூல் போட்டு ஏறிவிடுவார்.

"உங்க வலது கை குடுக்கறது இடது கைக்குத் தெரியாதுதான். ஊருக்குத்தான் தெரிஞ்சுபோகுது" என்பாள் மனைவி.

"நாலு பேர் பாத்தாத்தானே நாலு பேர் குடுப்பாங்க!" என்பார் இவர். சொல்லிவிட்டு, அந்த நாலு பேர் தன்னைப் பார்த்தார்களா என்று பார்ப்பார்.

அந்தச் சர்ச்சில் அல்லேலூயா அக்கா என்று ஒருத்தி இருந்தாள். அறுபதை நெருங்கும் தனி ஆள். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. "எப்படிக்கா இருக்கீங்க?" என்று கேட்டால், காய்ச்சலோ தலைவலியோ, "அல்லேலூயா!" என்பதுதான் பதில். மதியம் வேலை முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போக, அவள் மட்டும் மாடி ஏறி வார்டுக்குப் போவாள். பார்க்க ஆளில்லாத நோயாளிகளுக்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டுவாள். எத்தனை வருஷமாக என்று அவளுக்கே தெரியாது.

ஈறு நோய் வந்து ஒரே வருஷத்தில் அக்காவின் பற்கள் அத்தனையும் போய்விட்டன. சர்ச்சில் முதல் குரலாகப் பாடுகிறவள் அவள்தான். இப்போது பாட்டில் பாதி காற்றாக வந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. வாய்க்குள் இறங்கிப்போன கன்னங்களோடு, கண்ணை மூடிக்கொண்டு, முன்னைவிட உரக்கப் பாடினாள். கஞ்சியையும் பாலையும் தவிர வேறெதுவும் தின்ன முடியாமல் ஆள் இளைத்துக்கொண்டே வந்ததை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள்.

ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், யாரும் கேட்காமலேயே மேஸ்திரி எழுந்து நின்றார்.

"அக்காவுக்குப் பல்செட் நான் செஞ்சு தரேன். ஒரு பைசா வேண்டாம். இது கர்த்தருக்கு என்னோட காணிக்கை!"

கூட்டம் கை தட்டியது. அக்கா அழுதேவிட்டாள். மேஸ்திரிக்கும் கண் கலங்கியது. அவருக்கு எப்போதும் தன்னுடைய நல்ல காரியங்களே அதிகமாகக் கண்ணீர் வரவழைக்கும்.

மறுநாளே டாக்டரம்மா அளவெடுத்துக் கொடுத்தார். மேஸ்திரி அச்சு வார்த்தார். சின்ன வாய். குழந்தையின் வாய்போலச் சின்னத் தாடை. அதற்கேற்ற சிறிய பல்வரிசைக்குப் புதிதாகச் சொல்லி அனுப்ப வேண்டும்; வந்துசேர ஒரு வாரமாவது ஆகும். ஆனால் வருகிற ஞாயிறு சர்ச்சில் சாட்சி ஞாயிறு; கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்லும் நாள். அன்றைக்கே அக்கா புதுப் பல்லோடு எழுந்து நின்றால் எப்படி இருக்கும்!

இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு லாரி முதலாளிக்காக வாங்கிய பல்வரிசை கிடந்தது. ஆறடி ஆள், கதவு மாதிரி அகன்ற தாடை. அளவு கொடுத்துவிட்டுப் போனவர் வேறொரு டாக்டரிடம் போய்விட்டார். பல் மட்டும் இங்கே தங்கிவிட்டது. ஒவ்வொன்றும் பூசணி விதை அளவு. 'சும்மாதானே கிடக்கு' என்று மேஸ்திரி நினைத்தார். பின்னாளில் இந்தக் கதையை ஊருக்குச் சொல்லும்போது இந்த இடம் வந்தால், "அந்த நிமிஷம் எனக்கு ஒரு சின்ன உறுத்தல் வந்துச்சுங்க. நான் அதைப் பசின்னு நினைச்சு டீ குடிக்கப் போயிட்டேன்" என்பார்.

ஓரங்களை உரசி, நெருக்கி, முன்னால் கொஞ்சம் தள்ளி, அந்தச் சின்ன ஈறுமேல் லாரி முதலாளியின் பற்களை ஏற்றி முடித்தார். டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, மெழுகுல வாயில வச்சுப் பாத்தாச்சா?"

"அதெல்லாம் எதுக்கு டாக்டர்? நம்ம சர்ச்சுக்காரங்கதானே. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

காசு கொடுத்தவர்களுக்கு மூன்று முறை வைத்துப் பார்க்கிற மனிதர், கர்த்தருக்குக் கொடுத்த காணிக்கையை ஒருமுறைகூட வைத்துப் பார்க்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பல்செட்டைப் பெட்டியில் போட்டு அக்காவின் கையில் கொடுத்தார். "முதல்ல கொஞ்சம் உறுத்தும்க்கா. பழகிடும்" என்றார். செருப்புக் கடைக்காரர்கள் எல்லாக் காலத்திலும் சொல்லும் அதே வார்த்தை.

ஞாயிறு வந்தது. மேஸ்திரி இரண்டாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்க வசதியான இடம். மடித்த கைக்குட்டை சட்டைப்பையில் தயாராக இருந்தது. "நான் என்னங்க செஞ்சேன், எல்லாம் அவர் செயல்" என்று சொல்ல வேண்டிய வரியைக் கண்ணாடி முன்னால் பழகியும் வைத்திருந்தார்.

அக்கா எழுந்தாள். திரும்பினாள். முன்வரிசையில் ஒரு குழந்தை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அந்தச் சின்ன முகத்தில் அவ்வளவு பெரிய சிரிப்பை யாரும் எதிர்பார்க்கவில்லை. உதடு இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க முடியாமல் தூரத்தில் நின்றன.

"கர்த்தர் எனக்குப் பல்லு குடுத்தார். அவருக்கே மகிமை!" என்றாள் அக்கா. உட்கார்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான். மேஸ்திரி பாதி எழுந்துவிட்டிருந்தார். எழுந்த குற்றத்துக்குப் பரிகாரமாகக் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்து மெதுவாக உட்கார்ந்தார். கைக்குட்டை வியர்வை துடைக்கப் பயன்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். "ராவு பகலா உக்காந்து உரசினவன் நானு! என் பேரு வாயில வரலையே! அந்த வாயே நான் குடுத்தது!"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கர்த்தருக்கு நன்றி சொன்னா உங்களுக்கு ஏன் எரியுது? நீங்க என்ன அவருக்குப் போட்டிக் கடையா போட்டிருக்கீங்க?"

மூன்று வாரம் போயிற்று. அக்காவைப் பற்றி ஒரு செய்தி காதில் விழுந்தது. ஒரு துக்க வீட்டுக்குப் போனவள், இறந்தவரின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தாளாம். வீட்டார் முறைத்தபோது கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாளாம். "சந்தோஷம் தாங்க முடியல போலிருக்கு. புதுப் பல்லு இல்லையா" என்று மேஸ்திரி விளக்கம் சொன்னார்.

அந்த வாரம் பாஸ்டர் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"பிரதர், அக்காவுக்கு நீங்க செஞ்சது பல பேருக்குத் தெரியல. வர்ற ஞாயித்துக்கிழமை, கொடுத்தலைப் பத்தி நீங்க பத்து நிமிஷம் பேசணும்."

"ஐயோ பாஸ்டர், நான் எதுக்கு..." என்று ஆரம்பித்து, பாஸ்டர் மனம் மாறிவிடுவாரோ என்ற பயத்தில், "சரிங்க" என்று அவசரமாக முடித்தார்.

பேச்சை எழுத உட்கார்ந்தார். தலைப்பு வந்தது: 'அன்பினால் கொடுத்தல்'. முதல் வரி வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கேட்பவர்கள் கண்கலங்க ஒரு சம்பவம் வேண்டும். புதுப் பல் வந்தபின் அக்கா கடித்துத் தின்ற முதல் பண்டம் எது? அதைக் கேட்டு எழுதிவிட்டால் பேச்சு களைகட்டும். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

மதியம் மூன்று மணி. வார்டில் இருபது கட்டில்கள். மூலைக் கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு மனிதர். அவர் பக்கத்தில் அக்கா. கிண்ணத்தில் ஊறிய ரொட்டி. ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, ஒரு வாய் ஊட்டி, அவர் விழுங்கும்வரை காத்திருந்து, தாடையைத் துடைத்து, அடுத்த வாய் எடுத்தாள். அவள் கன்னங்கள் உள்ளே ஒட்டியிருந்தன. வாயில் பல் இல்லை!

தலை நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்தாள். அடுத்த கணம், வாத்தியாரிடம் பிடிபட்ட பள்ளிப் பிள்ளைபோலச் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பினாள். பையிலிருந்து பெட்டியை எடுத்து, பல்செட்டை வாயில் திணித்துக்கொண்டு இந்தப்பக்கம் திரும்பினாள். அதே பெரிய சிரிப்பு. ஆனால் இரண்டு கண்ணிலும் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"வாங்க தம்பி! வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

எத்தனையோ ஆயிரம் வாய்களைப் பார்த்தவர் மேஸ்திரி. அது சிரிப்பில்லை என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மூட முடியாத வாய் அது.

"அக்கா, வாயைத் திறங்க."

"எதுக்கு தம்பி? நல்லாத்தானே இருக்கு."

"திறங்கக்கா."

பல்செட்டைக் கழற்றித் தன் உள்ளங்கையில் வாங்கினார். கீழ் ஈறில் இடப்பக்கம் துவரம்பருப்பு அளவில் வெள்ளைப் புண். வலப்பக்கம் இன்னொன்று. மேலே தடித்துச் சிவந்திருந்தது.

"மூணு வாரமா இதோடவா இருக்கீங்க?"

"ஐயோ, எந்நேரமும் இல்ல தம்பி. ஞாயித்துக்கிழமை போட்டுக்கறேன். நாலு பேர் வீட்டுக்குப் போறப்போ போட்டுக்கறேன். அப்புறம் உங்களைப் பாக்கறப்போ. எவ்வளவு பிரியமா செஞ்சிருப்பீங்க! போடலன்னா உங்க மனசு நோகாதா?"

உள்ளங்கையில் லாரி முதலாளியின் பற்கள் அவரைப் பார்த்து இளித்தன. ஐயோ, அந்த நேரத்திலாவது அவர் உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா! அவர் வாயில் வந்ததோ வேறு கேள்வி.

"அன்னைக்குச் சர்ச்சுல... என் பேரை ஏன்க்கா சொல்லல?"

இதைச் சொல்லும்போதெல்லாம் மேஸ்திரி தன் தலையில் தானே குட்டிக்கொள்வார். "ஒருத்தி ஈறு கிழிஞ்சு நிக்கறா. அவகிட்டப் போய் என் பேரைக் கேட்டேன் பாருங்க. இந்த மூஞ்சிக்குப் பேரு ஒரு கேடு!"

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "சொல்லணும்னுதான் எழுந்தேன் தம்பி. அப்புறம் ஒரு யோசனை. இது நீங்க கர்த்தர்மேல வச்ச பிரியத்துல குடுத்தது. அவருக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கற சங்கதி. அதை நான் மைக்ல போட்டு உடைச்சா நீங்க கூசிப் போயிட மாட்டீங்களான்னு விட்டுட்டேன்."

கட்டில்காரர் முனகினார். "பேசிட்டே இரும்மா. பாலு ஆறி ஐஸாப் போகட்டும்."

"இதோ ராசா, இதோ" என்று அவள் திரும்பி ஊட்ட ஆரம்பித்தாள். அவர் நன்றி சொல்லவில்லை. பதிலுக்கு, சர்க்கரை போதவில்லை என்று திட்டினார். அவள் சிரித்தாள். இது நிஜச் சிரிப்பு. பல் இல்லாமலே வாய் நிறைந்திருந்தது.

"தினமும் எதுக்குக்கா இந்தத் திட்டெல்லாம்?" என்று கேட்டார் மேஸ்திரி.

"கர்த்தர்மேல பிரியம் தம்பி. வேற என்ன? என்னைக்காவது அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, எதிர்ல உக்கார வச்சு, என் கையால ஒரு வாய் ஊட்டணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. நடக்கற காரியமா? இந்த வாய்ங்கதான் என் கைக்கு எட்டுது."

மேஸ்திரி நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "கொஞ்சம் உரசிக் கொண்டாரேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பல்செட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திருடனைப்போல் படியிறங்கினார். உரசினால் தீருகிற அளவு பிழையா அது? பல்லே லாரி முதலாளியுடையது!

வீட்டில் மனைவியிடம் ஒன்றுவிடாமல் கொட்டினார். முடித்ததும் அவர் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை மேடையில ஏறி எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். 'மீந்துபோன பல்லைக் கர்த்தருக்குக் குடுத்த பாவி நான்'னு சபை நடுவுல கதறப் போறேன். ஒரு கண்ணு காயாது பாரு!"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மன்னிப்புக் கேக்கறதுக்கும் மைக் வேணுமா உங்களுக்கு?"

மேஸ்திரி நெஞ்சிலிருந்து கையை எடுத்தார்.

"புண்ணு அவங்க வாயில இருக்கு. சபை வாயில இல்ல. போய் அவங்ககிட்டச் சொல்லுங்க."

முதலில் பாஸ்டரிடம் போனார். "பேச எனக்குத் தகுதி இல்லைங்க" என்றார். பாஸ்டர் அதைத் தாழ்மை என்று நினைத்து நெகிழ்ந்து பாராட்டினார். அதையும் மறுக்க வேண்டியதாயிற்று. "தாழ்மையெல்லாம் இல்ல பாஸ்டர், நிஜமாவே தகுதி இல்ல" என்று விஷயத்தைச் சொன்னதும், பாஸ்டர் பாராட்டை நிறுத்திக்கொண்டார். "சரி, போய் அக்காவைப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

சலவைக் கூடம் ஆஸ்பத்திரியின் நிலவறையில் இருந்தது. நீராவி. மலைமலையாகக் கட்டில் விரிப்புகள். நான்கு ராட்சச இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. அக்கா ஈர விரிப்புகளை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். மேஸ்திரி பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காமல், தாழ்ந்த குரலில் பாவ அறிக்கை செய்தார்.

"என்ன தம்பி? கேக்கல!"

கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"என்ன? லாரியா? எங்க?"

மேஸ்திரி அடிவயிற்றிலிருந்து கத்தினார். "அது லாரி முதலாளிக்கு வாங்கின பல்லுக்கா! மீந்து போனதை உங்களுக்கு வச்சிட்டேன்!"

அவர் வாயைத் திறந்த அதே நொடியில் நான்கு இயந்திரங்களும் ஓட்டத்தை முடித்து நின்றன. நிசப்தமான கூடத்தில், "மீந்து போனதை உங்களுக்கு வச்சிட்டேன்" என்பது சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஏழெட்டுப் பெண்கள் கையிலிருந்த துணியோடு திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா விரிப்பைக் கீழே வைத்தாள். முகத்தில் நிறம் மாறியது.

"மீந்ததை எனக்குக் குடுத்ததுல வருத்தமில்ல தம்பி. மத்தவங்க போட்டுக் கழிச்சதைப் போட்டு வளந்தவதான் நான். ஆனா, கர்த்தருக்குன்னு சொல்லிக் குடுத்தீங்களே..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மேஸ்திரியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நல்ல காரியத்துக்காக வராமல் கெட்ட காரியத்துக்காக அவருக்கு வந்த முதல் கண்ணீர் அது. துடைத்துக்கொள்ளக் கைக்குட்டைகூடக் கொண்டுவந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெண் ஆஸ்பத்திரித் தலையணை உறை ஒன்றை நீட்டினாள்.

திடீரென்று அக்காவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று அவர் பதறினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"லாரி முதலாளி பல்லா! அதான் துக்க வீட்டுல அவ்வளவு பெரிய சிரிப்பு! செத்தவர் எழுந்து அடிக்காத குறை!"

கூடம் முழுக்கச் சிரித்தது. மேஸ்திரியும் தலையணை உறைக்குள் சிரித்தார், அழுதார், இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் திணறினார்.

"புதுசா செய்யறேன்க்கா. உங்க வாய்க்குன்னே செய்யறேன். ஆனா மூணு தடவை நீங்க வரணும். வச்சுப் பாக்கணும்."

"வரேன். முதல்ல புண்ணு ஆறட்டும்."

அந்த ஞாயிறு அக்கா பல் இல்லாமல் சர்ச்சுக்கு வந்தாள். ஆராதனை முடிந்ததும் வாசலில் மூன்று நான்கு பேர் கூடிப் பேசினார்கள். மேஸ்திரி தூணுக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"பல்லு எங்க? அக்காவைக் கேட்டா மேஸ்திரி எடுத்துட்டுப் போயிட்டார்னு சொல்றாங்க."

"சாட்சியில பேரு சொல்லலன்னு கோவமாம். குடுத்த பல்லையே பிடுங்கிட்டார்."

"அட பாவி மனுஷா! அப்போ அந்த மிதியடியைப் பத்திரமாப் பாத்துக்குங்கய்யா!"

மேஸ்திரியின் வாய் திறந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'புதுசு செய்யறேன்யா! முன்னதைவிட நல்லதா செய்யறேன்!' சொன்னால் ஒரே நொடியில் மானம் திரும்பிவிடும். கூடவே கைதட்டலும் வரும். அக்கா அந்தக் கும்பலை நோக்கி வேகமாக வருவதைப் பார்த்தார். அவள் சொல்லிவிடப் போகிறாள். மேஸ்திரி அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் நின்றுவிட்டாள்.

அன்றைக்கு மதியம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தியாகம் செய்தால் உள்ளம் பூரிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். அவருக்கோ நெஞ்செரிச்சல்தான் வந்தது.

புதிய பல்வரிசை வந்தது. அரிசிபோலச் சின்னப் பற்கள். நிற அட்டையை அக்காவின் கன்னத்தருகே பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் அரை மணி நேரம் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறம். முதல் தடவை வைத்தபோது கடி ஒருபக்கம் தூக்கியது. கழற்றி, மெழுகை உருக்கி, மறுபடி நட்டார். இரண்டாம் தடவை, ஒரு சொல்லில் காற்று கசிந்தது. முன்பல்லை ஒரு மயிரிழை உள்ளே தள்ளினார். மூன்றாம் தடவையோடு நிற்கவில்லை. நான்காம் தடவையும் வரச்சொன்னார்.

டாக்டரம்மா சிரித்தார். "அண்ணா, காசு குடுக்கறவங்களுக்குக்கூட நீங்க இவ்வளவு பாத்ததில்லையே?"

மேஸ்திரி வெட்கத்தோடு மெழுகை உருக்கப் போனார். கல்யாணமான புதிதில் மனைவிக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிவிட்டு, பிடிக்குமோ பிடிக்காதோ என்று கடைக்கும் வீட்டுக்குமாக இரண்டுமுறை நடந்து மாற்றி வந்தவர் அவர். அப்போது ஊர் அதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவள் முகம் மலர்ந்தால் போதும் என்றுதான் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து, மாடிப்படிக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து, உருகிய மெழுகின் வாசனையில், அவருக்கு மறுபடி அப்படி இருந்தது. கடைவாய்ப் பல்லை நடும்போது, "ஆண்டவரே, இது உமக்குப் பிடிச்சிருக்கா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். நல்லவேளை, அலமாரியில் பிளாஸ்டர் தாடைகள் மட்டும்தான் இருந்தன. அவை வாயைத் திறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தன.

பல்செட் தயாரான நாள், அதை அக்காவைத் தேடி வார்டுக்கே கொண்டுபோனார். அவள் வைத்துக்கொண்டாள். உதடுகள் இரண்டும் மெல்ல வந்து ஒன்றையொன்று தொட்டு மூடின. மேஸ்திரி ஓர் ஆப்பிளை நீட்டினார். பதம் பார்ப்பதுபோல் அக்கா ஓரத்தில் கடித்தாள். பிறகு நன்றாகக் கடித்தாள். மென்றாள். விழுங்கினாள். மறுபடி கடித்தாள்.

"வலிக்குதாக்கா?"

அவள் தலையாட்டி மறுத்தாள். வாய் நிறைய ஆப்பிள், பேச முடியவில்லை. அவள் தின்று முடிக்கும்வரை மேஸ்திரி சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். விதைகூட மிச்சமில்லை. அவருடைய வாழ்க்கையில் யாரும் அவருக்கு இவ்வளவு நல்ல காட்சியைக் காட்டியதில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு அக்கா ஒரு கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள். "சும்மாதானே நிக்கறீங்க தம்பி. அந்த ஜன்னலோரக் கட்டில்ல ஒருத்தர், ரெண்டு கையும் உடைஞ்சு கட்டு. காலையிலேர்ந்து சாப்பிடல. கொஞ்சம் ஊட்டி விடுங்க."

இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு படுத்திருந்தார் ஒரு தடித்த மனிதர். ஏணியிலிருந்து விழுந்த பெயிண்டர்.

"யாருய்யா நீ?" என்றார் அவர்.

மேஸ்திரிக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருந்தன. "சும்மா வந்தேன்" என்றார்.

"ஊட்டத் தெரியுமா? மூக்குல வச்சிடாதே."

முதல் வாய் போயிற்று. இரண்டாவது வாய் போயிற்று. மூன்றாவது வாயில் மேஸ்திரி கையை இழுக்கத் தாமதித்தார். பசியில் இருந்த பெயிண்டர் ரொட்டியோடு சேர்த்து அவர் விரலையும் 'நறுக்'கென்று கடித்துவிட்டார்.

"அம்மா!" என்று மேஸ்திரி அலறியது மூன்று வார்டுக்குக் கேட்டது.

"கையை வேளையோட எடுக்கணும்ல?" என்று பெயிண்டர்தான் கோபித்துக்கொண்டார்.

மேஸ்திரி விரலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலே இரண்டு தடம், கீழே இரண்டு தடம். இம்மி பிசகாத வரிசை.

"நல்ல கடிங்க. சொந்தப் பல்லா?"

"பின்னே? வாடகைக்கா எடுத்திருக்கேன்? அடுத்த வாய் குடுய்யா, பசிக்குது!"

மேஸ்திரி இன்னொரு ரொட்டித் துண்டைப் பாலில் தோய்த்தார்.